விருந்தாளிக்குக் கட்டிய தண்ணீர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. (மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஆறில் யார் பெற்றது, யார் வளர்த்தது என்று வெளியாள் ஒருவர் பார்த்தே சொல்லிவிட்டால், அவருக்கு என் கறவை மாட்டை அவிழ்த்துக் கொடுக்கிறேன்.) ஆறு பேருக்கும் கல்யாணம் செய்தேன். ஆறு சம்பந்தி வீட்டாரும் என் வீட்டுப் படியேறி வந்து கை நனைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது குறை, அது குறை என்று ஒருவர் வாய் திறந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?)

படிப்பு மூன்றாவதோடு நின்றது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், நிதானமாக எழுதவும் எழுதுவேன். இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அவசரப்பட்டு எழுத இது ஒன்றும் எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயமும் இல்லை.

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற குழுவுக்கு நான் தலைவி. நாங்கள் எப்படி மிச்சம் பிடிக்கிறோம் என்று பார்க்க ஓர் அம்மா சென்னையிலிருந்து வந்தார். அன்று காலையில் குட்டைத் தண்ணீரை முக்கால்வாசி வாரி இறைத்தவளும், அந்த அம்மாவின் காரைச் சேற்றில் இறக்கினவளும் நான்தான்.

எங்கள் ஊருக்குக் காஞ்சிபுரம் பக்கத்தில் மாகறல் தாண்டி உள்ளே வரவேண்டும். ஏரி இருக்கிறது, பெரிய ஏரி. மழை பெய்தால் நிறையவும் செய்யும். ஆனால் மதகின் பலகை மக்கிப்போய்ப் பல வருஷம். நிறைந்த தண்ணீரெல்லாம் அந்த ஓட்டை வழியாகவே ஒழுகி, தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் ஏரிக்குள் மாடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். கரையில் கழனி வைத்திருக்கிற நாங்கள் வானத்தைப் பார்ப்போம். வானமும் முன்னே மாதிரி இல்லை. வரவேண்டிய மாதத்தில் வராது. வந்தால் ஒரே நாளில் ஒரு வருஷத்துக் கோபத்தையும் கொட்டிவிட்டுப் போகும்.

இந்த நிலைமையில்தான் திட்டம் வந்தது. பருவம் தப்புகிற காலத்தில் சிறு விவசாயிகள் தாக்குப்பிடிப்பதற்கான திட்டம் என்று நீளமாக ஒரு பெயர். முழுதும் சொல்ல எனக்கு மூச்சு போதாது. பன்னிரண்டு கழனிக்குப் பொதுவாக ஒரு குட்டை வெட்டிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள பர்வீன் என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஆற்காட்டுப் பெண், விவசாயம் படித்தவள். ஸ்கூட்டியில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துபோய் அப்படியே நின்று பேசுவாள். தலைவியைத் தேர்ந்தெடுக்க மோட்டார் ஷெட் பக்கத்தில் கூட்டம் போட்டபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்டது என் குரல் ஒன்றுதான். அப்படித்தான் நான் தலைவி ஆனேன். வேறு தகுதி எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பர்வீன் சொல்லிக் கொடுத்த முறைக்குப் பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும். நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்கவேண்டியதில்லை. காயவிட்டு, அப்புறம் பாய்ச்சினால் போதும் என்பது அதன் சாரம். எப்போது பாய்ச்சுவது என்று தெரிவதற்காக, சுற்றிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கழனியில் பாதி புதைத்து வைத்தாள். அதற்குள் ஒரு குச்சியை விட்டு எடுக்க வேண்டும். குச்சியில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. ஈரம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பாய்ச்சு. மேலே மண் வெடித்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், வேர் அதைத் தேடிப் போய்க் குடித்துக்கொள்ளும் என்றாள். முதலில் நான் சிரித்தேன். பயிர் நன்றாகத் தூர் கட்டி, குட்டையிலும் தண்ணீர் மிஞ்சியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு அதிகாரத்தைத் தொடங்கினேன். பக்கத்துக் கழனி ருக்குமணி ஒரு நாள் குச்சி பார்க்காமல் மடையைத் திறந்துவிட்டாள் என்பதற்காக, ரேஷன் கடை வரிசையில் வைத்து அவளைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அவ்வளவு கண்டிப்பு எனக்கு.

அந்தப் பன்னிரண்டு கழனிக்காரர்களில் ஆண்பிள்ளை முனுசாமி ஒருவர்தான். என் கடைசி மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி. அப்போது எங்களுக்குள் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. பேரனின் காதுகுத்துப் பத்திரிகையை அவர்தான் காஞ்சிபுரத்தில் அச்சடித்து வந்தார். அதில் என் பெயரைப் பொடி எழுத்தில் கீழே போட்டுவிட்டார். எனக்குப் படிக்கத் தெரிந்தது கொஞ்சம் எழுத்து. அதில் என் பெயரும் ஒன்று. அதைக் கண்ணாடி போட்டுத் தேடவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஆனாலும் தலைவியின் கடமை என்று ஒன்று இருக்கிறதே. தினமும் அவர் வரப்பின்மேல் போய் நின்று, சொல்லவேண்டியதை அவருடைய மாட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவேன்.

மாசி மாதம். பர்வீன் ஓடி வந்து, சென்னையிலிருந்து பெரிய மேடம் வருகிறார் என்றாள். ஏரி மதகைச் சரிசெய்து கொடுக்கலாமா வேண்டாமா என்பது அவர் கையில்தான் இருந்தது. இவர்களிடம் ஓர் ஏரித் தண்ணீரைக் கொடுத்தால் ஒழுங்காக ஆளுவார்களா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். பல வருஷமாக மனுக் கொடுத்துக் கொடுத்து ஊரே ஓய்ந்துபோன மதகு அது.

போகும்போது பர்வீன் ஒன்றைச் சொன்னாள். "ஆயா, அவங்க வர்றாங்கன்னு எதையும் மாத்தாதீங்க. எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்."

இந்தப் பேச்சை நான் ஆறு கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன். சம்பந்தம் பேச வருகிறவர்கள் எல்லோரும், நீங்கள் ஒன்றும் சிரமப்படாதீர்கள், வீடு இருக்கிறபடியே இருக்கட்டும் என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். அதை நம்பி யாராவது இருக்கிறபடியே இருந்தால் அந்தச் சம்பந்தம் நடக்குமா? மரியாதைக்குச் சொல்கிற பேச்சு அது. பர்வீனும் மரியாதை தெரிந்த பெண், அதனால் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் சாயந்திரம் கழனிப் பக்கம் போனேன். பயிர் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் மண்? எங்கே பார்த்தாலும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இத்தனை நாள் அந்த வெடிப்பை நான்தான் காவல் காத்தேன். அன்றைக்கு அதைப் பார்த்ததும், தலை வாராத பிள்ளைகளை வரிசையாக வாசலில் நிறுத்தி வைத்தது மாதிரி இருந்தது. ஒரு பெரிய மனுஷி, ஏரி மதகையே கொடுக்கிற கை, இத்தனை தூரம் வந்து இந்தக் கோலத்தையா பார்ப்பது?

எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். காலையில் மோட்டாருக்குக் கரண்டு வந்ததும் பன்னிரண்டு கழனிக்கும் தண்ணீர் கட்டவேண்டும். ருக்குமணி மட்டும், குச்சி பார்க்கவேண்டாமா என்று கேட்டாள். விருந்தாளி வரும்போது குச்சியாவது ஒன்றாவது என்றேன். (ரேஷன் கடை வரிசையில் பேசிய அதே வாய்.) குட்டையில் இருந்த தண்ணீர் பயிர் பூக்கிற நேரத்துக்காகச் சேர்த்து வைத்தது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால்தான் மணி பிடிக்கும். அது எனக்குத் தெரியாததும் இல்லை. விருந்தாளி என்று ஒரு சொல் காதில் விழுந்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். அது என் பிறவிக் குணம்.

முனுசாமிக்கு என் மருமகள் செல்வி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அவர் மகள்தானே, அவள் சொன்னால் கேட்பார் என்று பார்த்தேன். செல்வி போய்விட்டு வந்து சொன்னாள்: "ஈரம் கோட்டுக்குக் கீழ எறங்கட்டும், அப்புறம் கட்டறேன்னு சொல்றாரு அத்தே. யாரு வந்தாலும் சரியாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கழனிதான் மோட்டார் ஷெட்டை ஒட்டி முதலில் இருக்கிறது. வருகிறவர் கண் அதில்தான் விழும். ஆனால் ஆறு கல்யாணம் செய்தவளுக்கு வழி தெரியாதா? விருந்தாளி உட்கார மோட்டார் ஷெட் பக்கத்தில் சாமியானா போட வந்தவரிடம், பக்கத் துணியை முனுசாமி கழனி இருக்கும் பக்கமாகத் தரைவரை இறக்கிக் கட்டச் சொன்னேன். நாற்காலிகளை அதற்கு முதுகு காட்டிப் போட்டேன். காரை பெயர்ந்த சுவரைக் காலண்டர் மாட்டி மறைக்கிற வேலை.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் பதினோரு கழனியும் கண்ணாடி போல மின்னியது. எங்கிருந்தோ கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கின. அதைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கியது. நாங்கள் எல்லோரும் பட்டுப் புடவை. (காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு இதற்கும் கட்டவில்லை என்றால் எதற்குக் கட்டுவது?) நான் என் மூத்த மகன் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டதைக் கட்டியிருந்தேன்.

பர்வீன் வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஆயா, நேத்து மழ பேஞ்சுதா?"

"இல்லம்மா."

"அப்ப இது?"

"விருந்தாளி வர்றாங்க இல்ல" என்றேன், பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து.

அவள் மோட்டார் ஷெட் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொக்குகளைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அவங்க பாக்க வர்றதே அந்த வெடிப்பத்தான் ஆயா."

கார் எங்கே வருகிறது என்று கேட்டேன். மாகறல் தாண்டியாச்சாம். காலிருக்கிறவர்கள் எல்லாம் மண்வெட்டியை எடுங்கள் என்று கத்தினேன். மோட்டார் ஓடவில்லை, ஆனாலும் அதே குரல். பதினோரு பேர் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பை வெட்டினோம். கட்டின தண்ணீரை வடித்துவிடலாம் என்று பார்த்தோம். மேல் கழனியை வெட்டினால் கீழ்க் கழனிக்குப் போயிற்று. கீழ்க் கழனியை வெட்டினோம். அதற்கும் கீழே வண்டிப் பாதைதான் இருக்கிறது என்பதை, அந்தப் பாதையிலேயே ஐம்பது வருஷம் நடந்த எனக்கு அந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

பாதை வாய்க்கால் ஆயிற்று. வாய்க்கால் சேறு ஆயிற்று. அந்தச் சேற்றில் வெள்ளைக் கார் ஒன்று மெதுவாக வந்து, மெதுவாக நின்று, இன்னும் மெதுவாகக் கீழே இறங்கியது. பெரிய மேடம் கதவைத் திறந்தார். நரைத்த தலை, பருத்திப் புடவை. கீழே பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கணுக்கால்வரை சேற்றோடு நடந்து வந்து வணக்கம் சொன்னார். நான் மண்வெட்டியோடு சேர்த்துக் கையைக் கூப்பினேன்.

உட்காரக்கூட இல்லை. குழாயைக் காட்டுங்கள் என்றார். என் கழனிக்குக் கூட்டிப்போனேன். குழாய் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. குச்சியை விட்டு எடுத்தேன். நுனி முதல் அடிவரை ஈரம். சிவப்புக் கோடு, நானா, எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல உள்ளே எங்கேயோ கிடந்தது.

கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டார். பத்து நாள் இருக்குமம்மா என்று சொன்னேன். இதைச் சொல்லும்போது என் கால்விரல் இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தவளை ஒன்று என் காலில் ஏறி இறங்கியது. மேடம் என் முகத்தைப் பார்த்தார், கொக்குகளைப் பார்த்தார். பர்வீன் கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றைக்கு அங்கே நிற்கக்கூடாத தண்ணீரில் அதுவும் ஒன்று. மதகு போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது சாமியானாத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பர்வீனு, இந்தத் துணிய யாராவது ஓரமா இழுத்துக் கட்டுங்கம்மா. அர மணி நேரமா இங்க நின்னுக்கினு இருக்கேன்."

பர்வீன் ஓடிப்போய் அதைத் தூக்கிச் சுருட்டினாள். முனுசாமி தன் கழனி வரப்பில் நின்றுகொண்டிருந்தார், தோளில் துண்டு, கையில் குச்சி. பின்னால் கழனி. பச்சைப் பயிர், அடியில் மயிரிழை வெடிப்பு, நடுவில் குழாய். மேடம் நேரே போய்க் குழாய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தன் கையாலேயே குச்சியை விட்டு எடுத்தார். ஈரம், சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கும்மா" என்றார் முனுசாமி.

மேடம் அந்த வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

எல்லோரும் முனுசாமியின் வாயையே பார்த்தோம். பர்வீன் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொந்த மூளை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், கூடவே சம்பந்தி குணத்தையும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க சம்மந்தியம்மாதான். எங்கூட பேச்சு கெடையாது. காலைல வந்து வரப்பு மேல நின்னுக்கினு என் மாட்டப் பாத்து, உன் எஜமான் குச்சி பாத்தாரான்னு கத்துவாங்க. மாடு மெரளுது. அதுக்காவே தெனம் பாத்துடுவேன்."

ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் என் பக்கம் திரும்பி, அப்படியென்றால் மற்ற பதினொன்றும் ஏன் இப்படி என்றார். இதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"வெக்கமா இருந்துதும்மா" என்றேன். "இம்மாந்தூரம் வர்றீங்க. வெடிச்ச கழனிய எப்படிக் காட்டறது? இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. எதையும் மாத்தாதன்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

மேடத்தின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பு. அவருடைய அம்மாவுக்கு ஒருமுறை கடும் காய்ச்சலாம். டாக்டர் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் எழுந்து வீடு முழுக்கக் கழுவிவிட்டாராம். டாக்டர் நல்லாத் திட்டிட்டுத்தான் ஊசியே போட்டார் என்றார்.

சிரித்து முடித்ததும் கேட்கவேண்டியதைக் கேட்டார். பூக்கிற நேரத்துக்குத் தண்ணீர்? குட்டையின் பக்கம் எல்லோரும் திரும்பினோம். அடியில் கால்வாசி கிடந்தது.

முனுசாமி மாட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "என் பங்கு அப்படியே இருக்குது. பன்னெண்டா பிரிச்சுக்கலாம். குச்சி பாத்துக் கட்டினா சமாளிச்சுடலாம்."

மேடம் அதைக் கேட்டுவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு இந்தப் பக்கம் மாடு இல்லை, நேராகத்தான் பேசவேண்டியிருந்தது. "சாப்பிட்டுட்டுப் போங்க சம்மந்தி" என்றேன். ஆறு மாதத்தில் முதல் வார்த்தை. அதற்கு அவர், சாம்பாரிலாவது தண்ணீர் அளவாக இருக்கிறதா என்று கேட்டார். ஊரே சிரித்தது. நானும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு காரைத் தள்ளினோம். பதினோரு பட்டுப் புடவையும் பின்னால் நின்று தள்ள, சக்கரம் சுழன்று மொத்தச் சேற்றையும் எங்கள்மேலேயே இறைத்தது. மேடம் கூட வந்தவர் அதைப் போட்டோ எடுத்துவிட்டார். என் மாம்பழ மஞ்சளை மூன்று முறை துவைத்தாகிவிட்டது. கரை இன்னும் அரக்கும் இல்லை, சேறும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம்.

கழனிகள் பூத்தன. முனுசாமி பங்கை வைத்து, குச்சி பார்த்துப் பார்த்துக் கட்டினோம். குட்டையில் கடைசித் தண்ணீர் இறங்கின வாரம் கோடை மழையும் ஒரு நாள் எட்டிப் பார்த்தது. மணி பிடித்தது, அறுத்தோம். வைகாசியில் கடிதம் வந்தது. பர்வீன் படித்துக் காட்டினாள். மதகுக்குப் புதிய இரும்புப் பலகை, பூட்டுச் சாவியோடு. என் தலைவி பதவி அப்படியே தொடரலாமாம். கடைசியில் ஒரு வரி: மதகின் சாவி மட்டும் தலைவியிடம் இருக்கவேண்டாம், முனுசாமி அவர்களிடம் இருக்கட்டும்.

அந்த வரியைப் பர்வீன் இரண்டாம் முறை படித்தாள். ருக்குமணி கேட்டதால் மூன்றாம் முறையும் படித்தாள்.

இன்றைக்கும் சாவி அவர் இடுப்பில்தான். ஏரித் தண்ணீர் பங்குனிவரை நிற்கிறது. மதகைத் திறக்கவேண்டும் என்றால் தலைவி போய்ச் சம்பந்தியிடம் கேட்கவேண்டும். அவர் உடனே கொடுக்கமாட்டார். யாராவது விருந்தாளி வருகிறார்களா சம்மந்தியம்மா என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார். வீட்டில் இன்னும் மோசம். யாராவது வரப்போகிறார்கள் என்று போன் வந்தால், கூடத்தைப் பெருக்கு, பாயைப் போடு என்று சொல்வதற்குப் பதிலாக, ஆறு பிள்ளைகளும் அவர்கள் பெற்றதுகளும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "கழனிக்குத் தண்ணி கட்டியாச்சா?" போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா காரணம் கேட்டு, கதை முழுதும் கேட்டு, சிரித்து, சம்பந்தம் முடிவாயிற்று. ஆகவே அதையும் என் சாமர்த்தியத்தில்தான் சேர்க்கவேண்டும்.

எழுதிவிட்டேன். செல்வியின் மகளைத்தான் படித்துக் காட்டச் சொல்லவேண்டும். நிவேதா, கண்ணு, டிவியை நிறுத்திட்டு இங்க வா. இதை ஒரு தடவை படிச்சுக் காட்டு, தப்பு இருந்தா சொல்லு. மெதுவாவே படி. உங்க தாத்தா முனுசாமி வெளியில உக்காந்துக்கினு காபி குடிச்சுக்கினு இருக்காரு. அவர் தன் பங்குத் தண்ணியப் பிரிச்சுக் கொடுத்தாருன்னு வருது பாரு, அந்த இடத்த மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி.